அப்பா சிரித்த படம்

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் செமிலிங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சயாம் ரயில் பாதை வேலைக்கு அப்பாவை லாரியில் ஏற்றிப் போய் ஐந்து மாதம் ஆகியும் ஒரு சேதியும் இல்லை. அப்போதுதான் வாத்தியார், மேலிடத்து உத்தரவு என்று சொல்லி, பத்திரிகைப் படம் ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் ஒட்டினார். தட்டு நிறையச் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரில் அப்பாவும் இருந்தார். கீழே, 'சயாமில் மகிழ்ச்சியாக உழைக்கும் நம் தோழர்கள்' என்று போட்டிருந்தது.

நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த நாட்கள் அவை. படத்தைப் பார்த்த மாமா அன்றே சயாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அம்மாவை இழுத்து வந்து காட்டினேன். அவள் முகம் மலரவில்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் தெரிந்த சன்னலில் விரலை வைத்தாள். அதற்கு ஒரு கதவுதான் இருந்தது. விறுவிறுவென்று பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே அதே ஒற்றைக்கதவுச் சன்னல். லாரி கிளம்புவதற்கு முதல் நாள் பள்ளிப் பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியது இந்தப் படம் எடுக்கத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு நேரே வாத்தியாரிடம் போனாள்.

"என் தம்பிக்கு நல்லா வாசிக்கத் தெரியும், வாத்தியாரய்யா. ஆனா இதை யார் எடுத்தா, எங்க எடுத்தான்னு கேக்கத் தெரியல. கணக்கு சொல்லித் தரீங்க, ஜப்பான் எழுத்து சொல்லித் தரீங்க. பேப்பரையும் படத்தையும் எப்படிப் பாக்கறதுன்னு ஒரு பாடம் வைங்க. பிள்ளைங்களாச்சும் தப்பிக்கட்டும்."

அப்படியொரு பாடமே கிடையாது, தெரிந்தால் தன் தலை போய்விடும் என்றார் வாத்தியார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாமாவை அன்றே யான் என்ற ஊர்ப் பக்கத்து வயற்காட்டில் ஒரு மலாய்க்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

அடுத்த நாள் ஜப்பான் பாடம் முடிந்ததும் வாத்தியார் கதவைச் சாத்தினார். படத்தில் இருக்கும் ஆட்களை விட்டுவிட்டு, பின்னால் என்னென்ன தெரிகிறது என்று எழுதச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பெரிய பிள்ளைகளின் எழுதுகோல்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய அண்ணனும் அந்தப் படத்தில் இருந்தான்.

எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

"படம் இங்கதானே எடுத்திருக்காங்க? அப்போ எங்கப்பா சயாமுக்கே போகலதானே, சார்?"

வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சரியான விடையைச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.