யானையோடு வந்த படைத்தலைவன்

“ராசா கதையில பக்கத்துக்குப் பக்கம் வெட்டுக்குத்து. பொம்பளப் புள்ளைக்கு இதுல என்னட்டீ சொகம்?” என்று அத்தை கேட்டாள். அப்பாவின் அக்கா அவள். அவள் மகனுக்குத்தான் என்னை நிச்சயம் செய்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம்.

சுகம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாராவியில் என்னோடு வளர்ந்த பெண்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். நான் மாட்டுங்கா நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஒரு சரித்திர நாவலை எடுத்துவந்து, செம்பூர் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். பக்கத்தில் இரண்டு பேர் சீட்டுக்காகத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டாலும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நாவலில் ஒரு கோட்டை. உள்ளே இளவரசி, வெளியே முற்றுகையிட்ட படைத்தலைவன். பகலெல்லாம் கொதிக்கும் எண்ணெய், அறுந்து விழும் கைகள். மாலையானால் அவள் மதில்மேல் நின்று அவனோடு வாயாடுவாள். “கதவை உடைக்க யானையைக் கொண்டுவந்திருக்கிறீரே, தட்டத் தெரியாதா?” என்று அவள் கேட்டதும், தோளில் அம்பு தைத்திருக்கும்போதே அவன் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் சோறு வடிக்கும்போது அன்றன்று படித்ததைச் சொல்வேன். அப்பா பெல்ட்டைக் கழற்றிய நாட்களிலும் கேட்டாள். வீங்கிய கண்ணோடு, “அந்த வாயாடிக் கழுத இன்னைக்கு என்ன சொன்னா?” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் நண்பர்களோடு வந்தான். எங்கள் தகரக் கதவை எப்போதும் உதைத்துத்தான் திறப்பான். மாமன் வீட்டு உரிமையாம். அன்றும் உதைத்தான். கதவு சுவரில் மோதி, தண்ணீர்க் குடம் உருண்டது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

“யானை எங்க அத்தான்? சந்துல கட்டிட்டு வந்துட்டியளா? கதவத் தட்டிப் பழக்கமில்லையோ?”

முறைப்பையனைக் கேலி பேசுவது எங்களில் வழக்கம்தான். நண்பர்கள் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். அம்மாவும் சிரித்துவிட்டாள், அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கு மட்டும் தெரியும். அத்தானும் சிரிப்பான் என்றுதான் நினைத்தேன்.

“ஜாஸ்தி ஷாணி ஆயிட்டியாட்டீ? பெரிய அறிவாளியோ?” என்று புத்தகத்தைப் பிடுங்கி, அதாலேயே என் வாயில் அடித்தான். கெட்டி அட்டையின் முனை உதட்டைக் கிழித்தது. அடுத்தது காதில். விழுந்த பிறகு உதைத்தான். நண்பர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள், அவனை நிறுத்தவில்லை. குறுக்கே வந்து விழுந்த அம்மாவுக்கும் உதை கிடைத்தது.

சாயங்காலம் அத்தை வந்து பஞ்சாயத்துப் பேசினாள். “கட்டிக்கப் போறவன்தானே அடிச்சான், வெளியாளா? ஏட்டீ, ஒம் மகளுக்கு வாய அடக்கச் சொல்லிக் குடு” என்றாள் அம்மாவிடம். அப்பா தலையாட்டினார்.

அவள் போனதும் அம்மா ஐஸைத் துணியில் சுற்றி என் உதட்டில் வைத்தாள்.

“அந்தப் படைத்தலைவன் அவள ஒரு அடிகூட அடிக்கலையா?”

“இல்லம்மா. சிரிச்சான்.”

“நெசமாவா?”

“பாதிக்கு மேல வந்துட்டேன். இன்னும் அடிக்கல.”

“எழுதுனவன் பொய் சொல்லுதான்” என்றாள் அம்மா. புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்து, “மிச்சத்தையும் வாசி” என்றாள்.

ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் பிரித்து வாசித்தேன். அத்தனை தலைகள் உருண்டும் அந்தக் கதை என்னைப் பயமுறுத்தியதே இல்லை. ஏன் என்று அப்போது விளங்கியது. பேசியதற்காக அவளை அங்கே யாரும் அடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அடித்தார். முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, அத்தை வீட்டுக்குப் போக சயானில் அம்பர்நாத் லோக்கல் ரயில் ஏறினேன். முதுகைச் சாய்க்க முடியாமல், நிச்சயப் பட்டும் மோதிரமும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அத்தை வீட்டில் அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பட்டுச்சேலையைக் கட்டிலில் வைத்தேன். மோதிரத்தை அத்தையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன். “எனக்கு ஒங்க மகன் வேண்டாம் அத்த.”

அவன் எழுந்து வருவதற்குள் நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.