அத்தானைப் பின்னால் ஏற்றிய நாள்

எங்கள் குடும்பத்து ஆண்கள் கடலுக்குப் பயப்படாதவர்கள் என்று வடமராட்சிக் கரையில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பரப்பியவர்களும் அவர்கள்தான். பாய்க்கப்பலில் ரங்கூன் போய் வந்த பெரியப்பா, பெரியம்மா குரலை உயர்த்தினால் கிணற்றடிப் பக்கம் ஒதுங்கிவிடுவார். அந்த வம்சத்தில் பிறந்த எனக்கு முப்பத்திரண்டு வயதாகியும் சைக்கிளில் போகும்போது எதிரே மாட்டு வண்டி வந்தால் இறங்கி வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற பழக்கம் விடவில்லை. அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், றோட்டில் மாட்டுக்கு வழிவிட்டேன். ஊரார் என்னை ‘அடக்கமான பிள்ளை’ என்றார்கள். பயத்துக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

எழுபதுகளின் கடைசியில், சரக்குக் கப்பலில் வேலை செய்த அண்ணை ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஒல்லியான உடம்பு, உயர்ந்த மட்காட், மணலிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே பல்லுப் பல்லாக வெட்டிய டயர். கடிதத்தில் ‘வீட்டுப் பாவனைக்கு’ என்று எழுதியிருந்தார். வீடு என்றால் தான்தான் என்று அத்தான் எடுத்துக்கொண்டார்.

அத்தான் என் அக்காவின் புருசன். உரும்பிராய்த் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, ஒரு கந்தோரில் கிளாக்கராகி, எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, எங்கள் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு எங்களுக்கே புத்தி சொன்னவர். மீனை எப்படி வெட்டுவது என்று, கடற்கரையில் பிறந்த என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அந்த மோட்டார் சைக்கிளை நான்கு நாள் ஓடினார். ஐந்தாம் நாள் எங்கள் ஒழுங்கை முடக்கில் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு அடுத்த வளவுக்குள் போய் விழுந்தார்.

“மெசினிலை ஏதோ பிழை இருக்கு” என்றார், முழங்கையில் எண்ணெய் பூசிக்கொண்டே. “எங்கடை மண்ணுக்கு உது ஒத்துவராது.”

மண்ணில் ஓடுவதற்கென்றே செய்த ஒன்று மண்ணுக்கு ஒத்துவராதாம். அதன்பிறகு அது மாட்டுக் கொட்டிலில் சாக்குக்கு அடியில் கிடந்தது.

சாக்கை இழுத்து எறிந்தது நான் இல்லை. அதற்கு எனக்குத் துணிவேது? என் இரண்டு சிநேகிதிகள்தான் எறிந்தார்கள். ஒருத்தி எங்கள் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ரீச்சர். தகப்பன் வெங்காயச் சாக்கு ஏற்றுகிற பழைய மோட்டார் சைக்கிளைப் பதினைந்து வயதிலிருந்து ஓடுகிறவள். மற்றவள் மருத்துவிச்சி. மணற்காட்டுப் பக்கத்துக் குடிசைகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போவதற்கு ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருந்தாள். சைக்கிள் என்று சொல்வதற்கே அது வெட்கப்படும், அவ்வளவு சத்தம்.

மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லை வெளிக்குப் போனோம். வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் நடுவே கிடக்கிற அந்த உப்புத் தரவையில் மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் காய்ந்து வெடிக்கும். மரமில்லை, வீடில்லை, முக்கியமாக எங்களைப் பார்த்து நாக்கு வளைக்க ஆளில்லை. சட்டைக்குக் கீழே அண்ணையின் பழைய நீளக் காற்சட்டையைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் விழுந்தேன். விழுவதையே ஒரு தொழிலாகச் செய்தேன். உடற்பயிற்சி ரீச்சர் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நான் சரியும்போதெல்லாம் ஒரு ஊதல் ஊதுவாள். மருத்துவிச்சி மணலுக்குள் புதைந்த முன் சில்லைப் பார்த்து, “தலை தெரியுது, இன்னும் கொஞ்சம் முக்கும்” என்பாள். நல்ல சிநேகிதிகள் என்று சொல்கிறார்களே, இவர்களைத்தான்.

மணலின் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான். முன் சில்லு ஆடத் தொடங்கியதும் பயம் வந்து, ‘வேகத்தைக் குறை’ என்று கையைப் பிடிக்கும். குறைத்தால் சில்லு புதையும், நீங்கள் விழுவீர்கள். ஆடும்போதுதான் இன்னும் முறுக்க வேண்டும். கைப்பிடியை இறுக்காமல், உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, சில்லைப் பாராமல் தூரத்தைப் பார்க்க வேண்டும். கணக்கு ரீச்சரான எனக்கு இது ஒரே நாளில் விளங்கிவிட்டது. கைக்கு விளங்க மூன்று மாதம் பிடித்தது.

கைக்கு விளங்கிய நாளும் நினைவிருக்கிறது. சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த காலம். அன்று காலை இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு அத்தான் அக்காவிடம் சொன்னார், நான் அடுப்படியில் நிற்பது தெரிந்துகொண்டே.

“உவவுக்கு இனி ஆர் வரப்போறான்? மோட்டச்சைக்கிள் ஓடுற பொம்பிளையை எந்த மாப்பிள்ளை கேப்பான்?”

நான் அடுப்பை ஊதினேன். என்றைக்குத்தான் எதிர்த்துக் கதைத்தேன்? ஆனால் அன்று வெளியின் ஓரத்தில், இளம்பனை வடலிகளுக்கு நடுவே ஓடுகிற மணற்பாதையில் முன் சில்லு ஆடியபோது, அந்த இடியப்பம் மென்ற வாய் கண்முன் வந்தது. ஆத்திரத்தில் கையை முறுக்கிவிட்டேன். சைக்கிள் ஒரு தரம் உதறிவிட்டு, நூல் பிடித்ததுபோல நேராகப் போயிற்று. இரண்டு பக்கமும் வடலிக் கருக்கு கையைக் கீறியது. நான் நிறுத்தவில்லை. பாதை முடிந்த இடத்தில் திரும்பிப் பார்த்தால் விசில்காரியும் மருத்துவிச்சியும் புள்ளியாகத் தெரிந்தார்கள். அன்று விசில் கேட்கவில்லை. தன்னம்பிக்கை என்பது உள்ளேயிருந்து ஊற்றாகச் சுரக்கும் என்று பரிசளிப்பு விழாக்களில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு எரிச்சலில்தான் வந்தது.

பிறகு எங்களுக்கு வெளி போதவில்லை. தோட்டங்களுக்கு நடுவே செம்மண் வண்டிப்பாதைகள், பனங்கூடல்கள், ஒருமுறை கீரிமலைக் கேணி வரைக்கும் பின்பாதைகளாலேயே போய்க் குளித்துவிட்டு வந்தோம். சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் குந்தியிருக்கிற ஆண்கள், பொம்பிளையள் மோட்டச்சைக்கிள் ஓடினால் மழை பொய்த்துப்போகும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த வருசம் பெய்த மழையில் அவர்கள் குந்தியிருந்த மர வாங்குகள் மிதந்தன. கண்டுபிடிப்பைத் திருத்திக்கொண்டார்களா என்று நான் கேட்கப் போகவில்லை.

அடுத்த கோடையில் அத்தானின் தம்பிக்குக் கலியாணம் பொருந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னுருக்கு. தாலி செய்வதற்காக மாப்பிள்ளை வீட்டில், நாள் பார்த்துக் குறித்த நேரத்துக்குள் பத்தர் பொன் நாணயத்தை உருக்குகிற சடங்கு அது. மூத்தவரான அத்தான்தான் நாணயத்தை உரும்பிராய் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கா சமையலுக்கென்று முதல்நாளே போய்விட்டாள். என்னை வரவேண்டாம் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

“குறை நினையாதையும் பிள்ளை. அங்கை எங்கடை சனம் வரும். நாலு விதமாக் கதைக்கும்.”

குறை நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிச்சமாயிற்றே. விடிந்ததும் மணற்காட்டுக் குன்றுகளுக்குப் போகும் திட்டத்தோடு மூன்று பேரும் வல்லை வெளியில் சேர்ந்தோம். வெளியைக் குறுக்கே கடக்கும்போது, வெள்ளையாகப் பொருக்குத் தட்டிய தரவையின் நடுவில் ஒரு வாடகைக் கார் நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. அரைவாசி புதைந்து கிடந்தது. பக்கத்தில் பட்டு வேட்டியும் சால்வையும் சந்தனப் பொட்டுமாக அத்தான்.

நடந்தது இவ்வளவுதான். றோட்டில் ஓரிடத்தில் கல்லுப் பரப்பிக் கிடந்ததாம். தரவையால் குறுக்கே விடலாம் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். வேண்டாம் ஐயா, மேலேதான் காய்ஞ்சு கிடக்கு, கீழே சேறு என்று சாரதி சொல்லியிருக்கிறான். “எனக்குத் தெரியாத இடமோ?” என்று அத்தான் கேட்டிருக்கிறார். அதற்குத் தரவை பதில் சொல்லிவிட்டது.

எங்களைக் கண்டதும் அத்தான் முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

“முக்கால் மணித்தியாலம்தான் கிடக்கு” என்றார். “நேரம் தப்பினால் பேந்து நல்ல நேரம் இல்லை.”

“நாணயத்தைத் தாங்கோ, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்” என்றாள் உடற்பயிற்சி ரீச்சர்.

அத்தான் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அது மூத்தவன் கையாலைதான் போகவேணும்.”

“அப்ப ஏறுங்கோ அத்தான்” என்றேன்.

அவர் என் சைக்கிளைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். சந்தையில் மாடு பார்ப்பவர் மாதிரி. “நான் ஓடுறன். நீர் பின்னாலை இரும்.”

நான் இறங்கிச் சைக்கிளைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று பிறகு சிநேகிதிகள் கேட்டார்கள். மரியாதைக்காக என்று சொன்னேன். பொய். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. நான் பின்னால் ஏறவில்லை. “முதல் நீங்கள் ஒருக்கா ஓடிப் பாருங்கோ” என்றேன். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டி, உதைத்து, கிளப்பினார். பத்துப் பாகத் தூரம் போயிருப்பார். முன் சில்லு ஆடியது. பயம் வந்து கையைப் பிடித்தது. குறைத்தார். பட்டு வேட்டியோடு சேற்றில் இருந்தார்.

விசில் ஊதியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மருத்துவிச்சி ஓடிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தி, எலும்புகளைத் தடவிப் பார்த்தாள். “தாயும் சேயும் நலம்” என்றாள். மடியைத் தடவிப் பார்த்தார் அத்தான். நாணயம் இருந்தது. கார்ச் சாரதி மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

சிநேகிதிகள் இருவரும் வெளியோரத்தில் காவோலை பொறுக்கிக் கார்ச் சில்லுகளுக்குக் கீழே போட நின்றார்கள். நான் ஏறினேன். அத்தான் பின்னால் ஏறினார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மச்சாளின் தோளில் வைத்தால் மானம் போகும், வைக்காவிட்டால் ஆளே போவார். முதல் முந்நூறு அடிக்கு மானத்தைக் காப்பாற்றினார். பிறகு என் இரண்டு தோளையும் கிடுக்கிபோலப் பிடித்துக்கொண்டார்.

கல்லுப் பரப்பிய றோட்டை விட்டு, எனக்குப் பழகிய பனங்கூடல் பாதையால் விட்டேன். குறுக்குப் பாதை என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்.

“மெல்ல! மெல்ல ஓடும் பிள்ளை! ஐயோ, பள்ளம்!”

“மெல்ல ஓடினால் விழுவம் அத்தான்.”

“நிப்பாட்டும்! நான் இறங்கி நடக்கிறன்!”

“நேரம் தப்பிப்போகும்.”

“அம்மாளாச்சி!” என்றார். அதன்பிறகு கூடலில் இருந்த காகங்களெல்லாம் எழும்புகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது, சொற்கள் வரவில்லை. என் கைகள் ஆடவில்லை. முன் சில்லு ஆடும்போது முறுக்கினேன், பின்னால் ஒரு ஆள் பாரத்துக்குப் பின் சில்லு இன்னும் நன்றாகவே மணலைப் பிடித்தது. இதைவிடச் சுகமாக நான் என் வாழ்நாளில் எங்கும் போனதில்லை.

உரும்பிராயில் அவர்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் தோளைத் தட்டினார். “உதிலை நிப்பாட்டும். நான் நடந்து போறன். நீர் திரும்பிப் போம்.”

நிறுத்தினேன். இறங்கி, சால்வையால் சேற்றை மறைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாதவர்போல நடந்தார். நன்றி என்று ஒரு சொல் இல்லை. ஒரு வருசத்துக்கு முந்தி என்றால் திரும்பிப் போயிருப்பேன். அன்று நூறு எண்ணினேன். எண்ணி முடித்ததும் சைக்கிளைப் பந்தல் வாசல் வரைக்கும் ஓடிக்கொண்டுபோய் நிறுத்தினேன்.

முற்றத்தில் அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “கார் பழுதாப் போச்சு. ஆரோ ஒரு பொடியன் ஏத்திக்கொண்டு வந்து விட்டவன்.”

சனம் என்னைப் பார்த்தது. நீளக் காற்சட்டை, செம்புழுதி படிந்த முகம், தலையில் காவோலைச் சிராய். அக்கா சமையல் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“நீ எங்கையடி இருந்து வாறாய்?”

“அத்தானை இறக்கிவிட்டிட்டு வாறன்” என்றேன். “அந்தப் பொடியன் நான்தான்.”

பத்தர் குமட்டி அடுப்பை ஊதிக்கொண்டே, “நேரம் போகுது, நாணயத்தைத் தாங்கோ” என்றார். கூட்டத்தில் வேலையில் கண்ணாக இருந்தவர் அவர் ஒருவர்தான். அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவளுடைய வாயின் ஓரம் துடித்தது.

நான் திரும்பி வல்லை வெளிக்குப் போனபோது கார் வெளியே எடுபட்டிருந்தது. திட்டம் போட்டபடி மணற்காட்டுக்குப் போனோம். முதல் குன்றிலேயே நான் குப்புற விழுந்தேன். மருத்துவிச்சி தன் வழக்கமான பகிடியைச் சொன்னாள். தன்னம்பிக்கை வந்தவர்கள் விழுவதில்லை என்று யார் சொன்னது? எழும்பும்போது சுற்றுமுற்றும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அத்தான் மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. அது எனக்கு அவர் தந்த ஒரே சீதனம். பிறகு மெல்ல மெல்லக் கதை மாறியது. முதலில் அவர் பாதை சொல்ல நான் ஓடினேன். அடுத்த தைப்பொங்கலுக்குள் இருவரும் மாறி மாறி ஓடினோம். இரண்டு வருசம் போனபின் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் புதுச் சம்பந்திகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவரே ஓடினார்.

“மச்சாள் பின்னாலை இருந்து கத்தின கத்து இருக்கே!” என்றார்.

சம்பந்திகளில் ஒருவர் என் பக்கம் திரும்பினார். “உண்மையோ பிள்ளை?”

“ஓம்” என்றேன். “கத்தினது உண்மைதான். கத்தின ஆளைத்தான் மாத்திச் சொல்லிப்போட்டார்.”

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. அத்தான் பாயசம் கேட்டார்.