தங்கத் தலைக்கவசம் என்றுதான் தீட்டினேன்

போர் விளையாட்டுக்கான கட்டைவிரல் உயரப் படைவீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டப் பழகி மூன்று மாதம் ஆகிறது. இன்று பழனியிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் வரும்போது, பன்னிரண்டு வீரர்களையும் டிபன் பாக்ஸில் போட்டு மடியில் வைத்திருந்தேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மூடி திறந்துகொண்டது. தளபதி உருண்டு, பக்கத்து சீட் அக்காவின் மடியில் விழுந்தார்.

அக்கா எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மொட்ட போட்டு, சந்தனம் பூசி... அப்படியே சாமி கும்புட்டு வந்த ஆளு மாதிரியே இருக்கு! எந்தக் கடைல வாங்குனீங்க?"

அது தங்கத் தலைக்கவசம். பெயிண்டைத் தண்ணீர் விட்டுக் கரைத்து மெல்லிசாகப் பூசு என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். பொறுமையில்லாமல் அப்படியே அப்பியது நான்தான்.

"நானே பெயிண்ட் அடிச்சதுக்கா."

"நெசமாவா! தோளு மேல காவடி வேற கெடக்கு. அதத்தான் இன்னுங் கொஞ்சம் வளைச்சிருக்கலாம்."

அது கோடரி.

வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் போன மாதம் இதே தளபதியை இஞ்சி என்று நினைத்து, டீயில் தட்டிப்போட எடுத்துப்போனார் என் அண்ணி. இஞ்சியிலிருந்து பக்தர் வரை ஒரே மாதத்தில் வந்திருக்கிறேன்.

பள்ளங்கிக்குப் போகும் அந்த அக்கா, இறங்குவதற்கு முன் தளபதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். நான் எதையும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் என் படையை அழித்தே தீருவோம் என்று சவால் விட்ட நண்பர்களே, நேர்த்திக்கடன் முடித்துவிட்டு வருகிறவர்கள் மேலா கை வைக்கப்போகிறீர்கள்?