எந்நாளும் ஆடி

மருதாசலத்துக்கு மூளை கொஞ்சம் அதிகம். வாய் அதைவிட அதிகம். ஆடி வந்தால்தானே துணிக்கடைக்காரன் விலையைக் குறைக்கிறான், நாம் வருஷம் முழுக்கக் குறைத்தால் என்ன என்று நாமகிரிப்பேட்டையில் ‘எந்நாளும் ஆடி’ என்று பலகை மாட்டினார். தறி ஓடும் இளம்பிள்ளை ஊரில் மொத்தமாகச் சேலை எடுத்துக் கொஞ்சூண்டு லாபத்துக்கு விற்றார். அடேயப்பா, என்ன கூட்டம்! ஏழே வருஷத்தில் சேலம் சூரமங்கலம் வரைக்கும் ஆறு கடை. மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மூத்தவன் கதிர்வேலுக்குக் கல்யாணம் வந்தது. கூறைச்சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. நம் கடையிலேயே எடுக்கலாம் என்று மனைவி சௌந்திரம் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், சேலத்தில் வேறொரு பெரிய கடைக்குப் போனார் மருதாசலம்.

“ஆடியில நல்ல காரியமே பண்ண மாட்டம். ஆடின்னு பேரு போட்ட கடையில கூறைச்சேலை எடுக்கலாமா?” என்றார். அந்தப் பேரை வைத்ததே தாம்தான் என்பது அப்போது மறந்துபோய்விட்டது.

பையும் கையுமாக வெளியே வந்தவரை, வேறு வேலையாகச் சேலம் வந்திருந்த பொன்னாத்தாள் பார்த்துவிட்டாள். கடை திறந்த நாளிலிருந்து அவரிடம் துணி எடுக்கிறவள். மூத்த மகள் கல்யாணத்துக்கும் அங்கேதான் எடுப்பதாக இருந்தாள்.

“ஏனுங்க, உங்க மருமகளுக்கு ஆகாத சேலை எம் புள்ளைக்கு மட்டும் ஆகுங்களா?”

அவ்வளவுதான். பேச்சு ஊர் ஊராகப் போனது. கல்யாணத் துணிக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுபோனார்கள். தீபாவளிக்கு வருகிறவர்களும் கூடவே நின்றுபோனார்கள். மூன்று வருஷத்தில் ஐந்து கடைக்குப் பூட்டு. மிச்சம் அந்த முதல் கடைதான். சின்னவன் சந்தோஷ்குமார் கல்யாணம் முடிந்த மறுநாள் அதையும் மூடுவதென்று முடிவு செய்தார். வெளியே சிரித்துப் பேசினாலும் உள்ளுக்குள் மனுஷன் நொந்துபோயிருந்தார்.

இந்த முறை கூறைச்சேலை எங்கே எடுக்கலாம் என்று பெண்ணையே கேட்டார்கள். தனப்பிரியா யோசிக்கவே இல்லை.

“உங்க கடையிலயே எடுத்துக்கறனுங்க மாமா. ஊருக்கெல்லாம் வித்தது எனக்கு ஆகாதுங்களா?”

மருதாசலத்துக்கு வாயடைத்துப் போயிற்று. கட்டிக்கொண்டு வந்த நாளாய் இப்படிப் பார்த்ததில்லை என்று சிரித்தாள் சௌந்திரம்.

தாலி கட்டி முடிந்ததும் பொன்னாத்தாள் நேரே மணவறைக்குப் போய், பெண்ணின் முந்தானையைத் தடவிப் பார்த்தாள். மருதாசலம் அவசரமாகப் பக்கத்தில் வந்தார்.

“எங்கீங்க எடுத்தீங்க?”

“நம்ம கடையிலதானுங்க.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சின்னவளுக்குத் தையில கல்யாணங்க. நாளைக்குக் கடை உண்டுங்களா?”

மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“காத்தால ஒம்பதுக்கே தொறந்து வெச்சிருப்பனுங்க” என்றார்.