சர்க்கரை இறங்கும் நேரம்

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே பாதி ஓய்ந்துவிட்டேன். சர்க்கரை என்றால் ஏறுவது மட்டும்தான் ஊருக்குத் தெரியும். எனக்கு அது இறங்குகிறது. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் கை நடுங்கும், உதடு மரத்துப்போகும், எதிரில் நிற்பவர் பேசுவது தூரத்தில் யாரோ பேசுவதுபோல் கேட்கும்.

ஓடைப்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பந்தலுக்கு அடியில் வேலை என்றால் நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடிதான். கவாத்து வெட்டினாலும் அப்படித்தான், கொடியைக் கட்டினாலும் அப்படித்தான். காலையில் இனிப்புத் தூக்கலாக ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புவேன். பத்து மணிக்கு டீயும் இரண்டு வர்க்கியும். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பசி தாங்காமல் மலை மாதிரி சோறு. இருபத்தைந்து வருடமாக இப்படித்தான் ஓடியது. நாற்பத்தாறு வயதில் உடம்பு இனி முடியாது என்றது.

முதலில் கவாத்து வெட்டும் கத்தரி கையிலிருந்து நழுவியது. பசிதானே என்று தலைக்கு மேல் தொங்கிய குலையிலிருந்து ஒரு கைப்பிடி உருவி வாயில் போட்டேன். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வந்த நடுக்கம் முந்தியதைவிட மோசமாக இருந்தது. மறுபடி பழம், மறுபடி தெளிவு, மறுபடி நடுக்கம். சாயங்காலமானால் கெண்டைக்கால் சதை சுருண்டு கல்லாகிவிடும். வரப்பில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

"வயசாகுதுல்ல. எண்ணெயத் தேச்சு வெந்நி ஊத்து" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் கோபமும் இல்லை, அக்கறையும் இல்லை. அவருக்கும் களைப்பு.

ஒருநாள் கொடி கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்ன என்று கேட்டதற்கு என் வாயிலிருந்து வார்த்தை வரவில்லையாம். பயந்துபோய் பைக்கில் ஏற்றிச் சின்னமனூருக்குக் கொண்டுபோனார். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், மறுபடி ஒருமுறை குத்திப் பார்த்தாள். அப்புறம்தான் குளுக்கோஸ் கொடுத்தார்கள். ரத்தத்தை எடுத்து வேறு என்னென்னவோ சோதித்தார்கள். டாக்டரம்மா என்னைவிட ரொம்பச் சின்னவர். நான் என்னென்ன சாப்பிடுகிறேன், எப்போது சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"பெரிய வியாதி எதுவும் தெரியலைம்மா. நீங்க சாப்பிடுற முறைதான் சரியில்ல. வெறும் வயித்துல இனிப்பு போனா சர்க்கரை விறுவிறுன்னு ஏறும். அதே வேகத்துல இறங்கிடும். மயக்கம் வர்றப்ப மட்டும் இனிப்பு எடுத்துக்கோங்க. தெளிஞ்சதும் முட்டையோ சுண்டலோ கடலையோ சாப்பிட்டுடணும். மத்த நேரம் மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க."

"காலு இழுக்குறதுக்கு?"

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"கொஞ்சந்தான்" என்றேன். தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்போம். அங்கே வேலைக்கு வருகிற எல்லாப் பெண்களும் செய்வது அதுதான். டாக்டரம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். உப்புப் போட்ட மோர், இளநீர், முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று சொல்லிக்கொண்டே போனவர், கால் இழுத்தால் பாதத்தின் முன்பக்கத்தைப் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குச் செய்து காட்டினார். அவர் தலையை ஆட்டினார். கவனித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மருந்து கொடுத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மாத்திரையைப் போட்டோமா, போனோமா என்று இருந்திருப்பேன். இது நாள் முழுக்க என்னை நானே காவல் காக்கிற வேலை. எல்லாருக்கும் சமைத்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டுப் பழகிய கை, தனக்கென்று ஒரு முட்டையை அவித்து டப்பாவில் வைக்கக் கூசியது. ஏழு மணிக்குக் கேழ்வரகுத் தோசை, பத்து மணிக்குச் சுண்டல், ஒரு மணிக்கு அளவான சோறும் பருப்பும் கீரையும், நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை. "சீக்கு இல்லாதவளுக்கு என்ன பத்தியம்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதிர்த்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

மூன்று மாதத்தில் நடுக்கம் குறைந்தது. அந்த நேரத்தில்தான் மயிலாடும்பாறையில் என் அப்பா இறந்துபோனார்.

இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தவர். வாராவாரம் பஸ் மாறி மாறிப் போய் அவரைத் துடைத்து, துணி மாற்றிவிட்டு வருவேன். மற்ற நாட்களில் எல்லாவற்றையும் செய்தது என் அண்ணன் மனைவி, மதினிதான். அதிகாலையில் போன் வந்ததும் கட்டியிருந்த சேலையோடு கிளம்பினோம். வெறும் வயிறு. டப்பாவில் சுண்டலை மட்டும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் மகன் சென்னையிலிருந்து வர வேண்டும், நாலு மணிக்குத்தான் எடுப்பார்கள் என்றார்கள். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழ, நான் அவருடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து கடுங்காப்பி வந்தது. பாகு மாதிரி இனிப்பு. வேண்டாம் என்று மனசு சொன்னது, ஆனால் தொண்டை காய்ந்திருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

பதினொரு மணி இருக்கும். முதுகில் குளிர்ந்த வேர்வை. உதடு மரத்தது. பை உள்ளறையில் ஆணியில் தொங்கியது. அறை நிறைய மதினி வீட்டுச் சனம். அப்பனை நடுவாசலில் கிடத்திவிட்டு மகள் டப்பாவைத் திறந்து தின்கிறாள் என்று சொல்லமாட்டார்களா? இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுந்தேன். ஒரு எட்டு வைத்ததும் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. அப்பாவின் கால்மேலேயே விழுந்தேன்.

"ஆத்தா! அப்பன் மேல உசுரையே வச்சிருந்தவளாச்சே!" என்று யாரோ கத்தினார்கள். அழுகை இன்னும் கூடியது. எனக்கு எல்லாம் கேட்டது, வாய் திறக்க முடியவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தார்கள்.

பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். "தள்ளுங்க, தள்ளுங்க. துக்கமில்ல, அவளுக்குச் சர்க்கரை எறங்கிருச்சு." யாரிடமோ சீனி வாங்கிவரச் சொல்லி, என்னைத் தூக்கி உட்காரவைத்தார். "இந்தா, வாயத் தொற. முழுங்கிருவியா?" நான் தலையை அசைத்த பிறகுதான் சீனியை நாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். பிறகு அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டு, என் காலை மடியில் எடுத்து வைத்து, பாதத்தைப் பிடித்து மேல்பக்கமாக மடக்கினார். டாக்டரம்மா காட்டியது போலவே, அவசரமில்லாமல்.

மதினிக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே இது? மாமா இங்கன கெடக்காக. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். இவ திங்கணும். அந்தப் பைய எடுத்துக் குடு தாயி."

உள்ளறையில் பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுண்டலைத் தின்றேன். கொஞ்சம் புளித்திருந்தது. பாதி தின்றபோதுதான் அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, என் காலைப் பிடித்த அந்தக் கைக்காகவா, இல்லை வெறும் அசதியா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை. மென்றுகொண்டே அழுதேன்.

அதன்பிறகு மதினி என்னிடம் பேசவில்லை. கருமாதியன்று எல்லாரும் போன பிறகு, பாத்திரங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருடம் நோயாளியைத் தூக்கி இறக்கிய உடம்பு. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"உங்க அப்பாரு சாப்பிட்டாகளான்னு பாத்துப் பாத்தே நான் எப்ப சாப்பிட்டேன்னு எனக்கே தெரியாது" என்றாள். கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கும் காலு இழுக்குது ஆத்தா. என்ன திங்கச் சொன்னாக?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உனக்கு வேறு காரணமாக இருக்கலாம், ஒருதரம் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடு என்றும் சொன்னேன். அங்கே மிஞ்சியிருந்த மோரில் உப்பைப் போட்டு ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம்.

மயிலாடும்பாறைப் பக்கம் இன்றைக்கும் நான் அப்பனுக்காக மயங்கி விழுந்த மகள்தான். திருத்தப் போகவில்லை. இங்கே தோட்டத்தில் மறைப்புக் கட்டி ஒரு கழிப்பறை போட்டிருக்கிறோம். வேலைக்கு வரும் பெண்கள் தண்ணீர்ப் பாட்டிலை இப்போது வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு நான் சாப்பிடுகிறேன், நடுவில் சலிப்பு வந்து ஒருநாள் விட்டுவிடுகிறேன், உடம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மறுநாள் காலையில் மறுபடி கொண்டைக்கடலையைக் குக்கரில் போடுகிறேன்.