பதில் எண் ஏழு

எங்கள் அலுவலகத்தில் அவரை நேரில் அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி. இரண்டாவது பெயரும் அவருக்குத் தெரியும். ஒருநாள் டீ மெஷின் பக்கத்தில் நின்று இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து, "தள்ளுங்க, சிடுமூஞ்சிக்கு டீ வேணும்" என்றார். அந்த இரண்டு பேரும் அன்றைக்கு டீ குடிக்கவில்லை.

ஆறு வருடம் நான் அவருக்குப் பக்கத்து மேஜை. மூன்றாவது மாடி, திறக்க முடியாத ஜன்னல்கள், பதினான்கு ஹெட்செட். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் எங்கள் நிறுவனத்தின் செயலி வழியாக வீட்டுக்கு ஸ்டேபிள்காயின் அனுப்புவார்கள். ஒரு நாணயம் ஒரு டாலர் என்று மதிப்பு மாறாமல் நிற்கும் டிஜிட்டல் காசு அது. வங்கி வேண்டாம், வரிசை வேண்டாம், ஒரே நிமிடத்தில் போய்விடும் என்பது விளம்பரம். போகாதபோது எங்களைக் கூப்பிடுவார்கள்.

இதற்கு முன் அக்கா பன்னிரண்டு வருடம் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்த்தவர். புகார் வந்தால் பதிவு செய்ததோடு விடமாட்டார். குழாய்க்காரர்களோடு தெருவுக்கே போய் நிற்பாராம். "தண்ணி காணாமப் போகாது தம்பி. எங்கயோ ஒழுகும். ஒழுகுற எடத்தக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்வார். ஒப்பந்தம் முடிந்ததும் வாரியம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கணவர் பஸ் ஓட்டுநர், இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. கிடைத்த வேலைக்கு வந்தார்.

வந்த மூன்றாம் மாதமே எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டார். "காசு இருக்கு, ஆனா அனுப்ப முடியல" என்று யாராவது பதறினால், "பீரோ நெறைய நகை இருந்தாலும் பஸ்ஸுக்குச் சில்லறை வேணும்ல? அந்த நெட்வொர்க்குக்குக் கட்டணம் கட்டுற காசு தனி. அது உங்ககிட்டத் தீந்துபோச்சு. கொஞ்சம் வாங்கிப் போடுங்க, போயிடும்" என்பார். "அனுப்பிட்டேன், வந்து சேரல" என்றால் பரிமாற்ற எண்ணைக் கேட்டு வாங்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் தேடுவார். "இன்னும் உறுதியாகல. நெரிசல். பதட்டத்துல ரெண்டாவது தடவ அனுப்பிடாதீங்க, ரெண்டும் போய்ச் சேந்துடும்."

எல்லாவற்றுக்கும் தீர்வு கிடையாது. ஒரு கப்பல் சமையல்காரர், மனைவிக்கு அனுப்ப, பழைய பட்டியலில் இருந்த முகவரியை நகலெடுத்து அனுப்பிவிட்டார். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் மனைவியின் முகவரிபோலவே இருக்கும்படி எவனோ ஒரு திருடன் செய்து, அதிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி அந்தப் பட்டியலில் நுழைத்துவைத்த போலி முகவரி அது. நடுவில் இருந்த எழுத்துகளை யார் பார்க்கிறார்கள்? அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, அது திருடன் கைக்குப் போயிடுச்சு. போலீஸ்ல எழுதிக் குடுங்க, காசை வெளியிடுற கம்பெனிக்கும் எழுதுங்க, முடக்கினா முடக்குவாங்க. ஆனா நம்பிக்கை வெச்சுக்காதீங்க." அந்த மனிதர் இருபது நிமிடம் கெட்ட வார்த்தையில் திட்டினார். அக்கா ஹெட்செட்டைக் கழற்றவே இல்லை. "திட்டட்டும். அவருகிட்ட மிச்சம் இருக்கிறது அதுதான்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இனி பதில் எண் ஏழு.

நாங்கள் ஒட்டி அனுப்ப முப்பது பதில்கள் தயாராக இருக்கும். ஏழாவது, நெட்வொர்க்கை மாற்றி அனுப்பியவர்களுக்கு. ஒரே காசுதான், ஆனால் அது தனித்தனித் தண்டவாளம் மாதிரி நாலைந்து நெட்வொர்க்குகளில் ஓடும். எங்கள் செயலி அவற்றில் ஒன்றை மட்டும் பார்க்கும். அனுப்புகிறவர் வேறொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் காசு பெறுகிறவர் கணக்கில் தெரியாது. "தவறான நெட்வொர்க்கில் அனுப்பிய தொகையை மீட்க இயலாது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." பயிற்சியின்போது, கடலில் போட்ட மாதிரி என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாங்களும் நம்பினோம். அக்காவும் நம்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு அம்மா கூப்பிட்டார். சாவி செய்து கொடுக்கும் கடை வைத்திருப்பவர். விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. வெளிநாட்டில் வெல்டிங் வேலை செய்யும் அவருடைய தம்பி செயற்கைக் கால் பொருத்திக்கொள்ள ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர் அனுப்பியிருக்கிறார், நெட்வொர்க் மாறி. இரண்டு நாள் முன்பே அக்கா அவருக்குப் பதில் எண் ஏழை அனுப்பியிருந்தார்.

"என் காலு உங்க கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிச்சாம்மா?" என்றுதான் அந்த அம்மா பேச்சையே தொடங்கினார். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, அது வேற நெட்வொர்க்ல..."

"அது தெரியுது. படிச்சேன். தம்பி அனுப்பின முகவரி யாரோடது? உங்க செயலி குடுத்ததுதானே?"

"ஆமா."

"அந்த முகவரிக்குச் சாவின்னு ஒண்ணு இருக்குமாமே. அது யாருகிட்ட இருக்கு?"

"எங்க கம்பெனிகிட்ட."

"பூட்டு உங்களுது, சாவி உங்களுது, காசு உள்ள கெடக்கு. அப்புறம் எப்படிம்மா தொறக்க முடியாது? முப்பது வருஷமா சாவி வெட்டுறேன். தொறக்க முடியாதுங்கிறவன் ஒண்ணு தெரியாதவனா இருப்பான், இல்ல மனசில்லாதவனா இருப்பான். நீங்க எது?"

அக்கா, "அரை மணி நேரத்துல நானே கூப்பிடுறேன்மா" என்று வைத்துவிட்டு, பரிமாற்ற எண்ணை மற்ற நெட்வொர்க்கின் பதிவேட்டில் போட்டுத் தேடினார். காசு அங்கே இருந்தது. எங்கள் முகவரியில், முழுசாக, யார் கையும் படாமல்.

நேராக நாலாவது மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். பொறியாளர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத எடுக்க முடியுமா, முடியாதா?"

அவர் திரையைப் பார்த்தார். "முடியும்கா. ரெண்டு பக்கமும் ஒரே சாவிதான். இருபது நிமிஷ வேலை. கட்டணம் ஒரு டீ காசுகூட ஆகாது."

"அப்புறம் ஏன் இத்தன நாளா எடுக்கல?"

"ஐயாயிரம் டாலருக்குக் கீழ இருந்தா எடுக்க வேண்டாம்னு விதி. மேனேஜர் போட்டது."

"அப்ப அந்தக் காசெல்லாம்?"

பொறியாளர் சாப்பாட்டைப் பார்த்தபடி சொன்னார். "அப்படியே கெடக்கும்கா. வருஷக் கடைசில நம்ம இருப்புல சேத்துக் காட்டுவாங்க."

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கீழே வந்து உட்கார்ந்து, பழைய புகார்களில் பதில் எண் ஏழு போனதையெல்லாம் தேடி எடுத்தார். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். அவர் கையால் போனது ஐம்பத்தெட்டு. என் கையால் நாற்பத்தொன்று.

"அம்பத்தெட்டுப் பேருக்குச் சிரமத்துக்கு வருந்துகிறோம்னு அனுப்பியிருக்கேன் தம்பி" என்றார். "திருடன் கூட இப்படி வருத்தம் தெரிவிச்சு எழுதமாட்டான்."

மேலாளரின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். பேசுவது எல்லோருக்கும் கேட்கும்.

"சார், ஆளுங்க காசு நம்மகிட்ட இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல வெச்சிருக்கீங்க."

"பொய் இல்ல. 'மீட்க இயலாது'ங்கிறது கொள்கை. விதிமுறையில எழுதியிருக்கு, அவங்க ஒத்துக்கிட்டுதான் சேந்திருக்காங்க."

"கொள்கையா? பக்கத்து வீட்டுக்காரன் துணி காத்துல பறந்து நம்ம மாடில விழுந்தா எடுத்துக் குடுப்போம். உடுத்திக்கிட்டுக் கொள்கைன்னு சொல்லமாட்டோம்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. ஒருத்தருக்கு எடுத்துக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும்! அவங்களுது, கேக்கட்டும்!"

மேலாளர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். அக்கா வெளியே வந்து தன் மேஜையில் உட்கார்ந்து, முதலில் சாவிக்கடை அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, நீங்க சொன்னது சரி. காசு இருக்கு. எடுக்க முடியும். நான் சொல்றத அப்படியே எழுதி அனுப்புங்க. பரிமாற்ற எண், நெட்வொர்க் பேரு, தேதி. அப்புறம், 'இந்த முகவரியின் சாவி உங்கள் வசம் உள்ளது, என் தொகையைத் திருப்பி அனுப்பவும்'னு ஒரே வரி. ஒரு நகல் உரிமம் குடுக்குற ஆணையத்துக்கு. இன்னொண்ணு: மீட்டுத் தரேன்னு எவனாவது போன் பண்ணி உங்க ரகசிய வார்த்தைங்களக் கேப்பான். சொல்லிடாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

அதே பேச்சை அடுத்தவரிடம் பேசினார். அதற்கடுத்தவரிடமும். சிலர் அழுதார்கள். ஒருவர், "நீ எந்தத் திருட்டுக் கும்பல்டி?" என்று கேட்டார். "சந்தேகப்படுறது ரொம்ப நல்லதுங்க. என்ன நம்ப வேண்டாம், நீங்களே பதிவேட்டுல பாத்துக்கோங்க" என்று எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். இரண்டு வருடத்துக்கு முன் பதில் எண் ஏழு போன ஒருவர் இறந்திருந்தார். அவருடைய மகள் போனை எடுத்தாள். அப்பா கடைசிவரை தன் முட்டாள்தனத்தால் பணம் போய்விட்டது என்றே நொந்துகொண்டிருந்தாராம். அக்கா அந்த அழைப்பை முடித்துவிட்டு, கையிலிருந்த பேனாவை மேஜையில் ஓங்கிக் குத்தினார். முனை உடைந்தது. வேறு பேனா எடுத்தார்.

இருபத்து மூன்றாவது அழைப்பில் மேலாளர் வந்து ஹெட்செட் வயரைப் பிடுங்கினார்.

"இதோட உங்க வேலை முடிஞ்சுது."

"என் வேலை முடியல. மிச்சம் முப்பத்தஞ்சு பேரு இருக்காங்க" என்று அக்கா தன் சொந்தக் கைப்பேசியை எடுத்து அடுத்த எண்ணை அழுத்தினார். காவலாளி இருவர் மேலே வரும்வரை இன்னும் நாலு பேரிடம் பேசிவிட்டார். பை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், எண்கள் குறித்த தாளோடு வெளியே போகும்போது என் மேஜை முன் நின்றார்.

"உன் நாப்பத்தொண்ணு?"

எனக்கு வீட்டுக்கடன் இருந்தது. "பாக்குறேன்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்குத் திட்டியிருக்கலாம். மறுநாள் மதிய இடைவேளையில், எதிர்ப் பெட்டிக்கடை ஓரம் நின்று, என் சொந்த போனிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன். ஒன்பது நாள் ஆனது. வீரம் ஒன்றும் இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

அந்த வாரம் ஒரே வரி எழுதிய கடிதங்கள் எங்கள் பெட்டியில் குவிந்தன. சாவிக்கடை அம்மா எழுதியதோடு நிற்கவில்லை. ஊன்றுகோலோடு வந்து தரைத்தளத்து வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை. வந்தவர் போனவரிடமெல்லாம், "என் காலு மேல நாலாவது மாடில இருக்கு, வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்று சொன்னார். புதிதாகக் கணக்குத் தொடங்க வந்த பலர் அதைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். நாலாம் நாள் ஆணையத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஐந்தாம் நாள் பொறியாளரிடம், இரண்டு வாரத்துக்கு இந்தக் காசை மீட்பதைத் தவிர வேறு வேலை எதுவும் பார்க்க வேண்டாம் என்றார்கள்.

பத்தொன்பதாம் நாள் சாவிக்கடை அம்மாவுக்குக் காசு வந்தது. கால் பொருத்தும் மையம் கொடுத்திருந்த தேதி அதற்குள் போய்விட்டது. மறுதேதிக்கு ஏழு வாரம் காத்திருந்தார். மிச்சம் இருந்தவர்களை அக்கா வீட்டிலிருந்தே கூப்பிட்டிருந்தார்; அவருடைய ஐம்பத்தெட்டில் நாற்பத்தொன்பது பேருக்குக் கிடைத்தது. மற்றவர்களின் எண்கள் மாறிவிட்டன. என் பட்டியலில் முப்பத்திரண்டு. பதில் எண் ஏழைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மீட்பு விண்ணப்பம் என்று ஒரு படிவம் வைத்தார்கள். அதில் சிறிய எழுத்தில், மீட்புச் சேவைக் கட்டணம் பத்து சதவீதம்.

அதைத் தெரிவிக்கத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. அவர் கணவர் வேலை முடிந்து வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "வேலை போனதுக்கு இவ ஒரு நாளும் அழல. நீங்க என்ன சொல்ல வந்தீங்களோ தெரியல, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"பத்து சதவீதமா?" அக்கா எழுந்தே விட்டார். "அந்தம்மாகிட்டயுமா புடிச்சாங்க?"

"ஆமாக்கா. நூத்தி எம்பத்து நாலு டாலர்."

"டீ காசுகூட ஆகாத வேலைக்கு! ஒளிச்சு வெச்சதுக்குக் கூலி கேக்குறானுங்க, தம்பி. ஒளிச்சு வெச்சதுக்கு!"

கணவர் மடித்த துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆரம்பிச்சாச்சு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது அக்கா வெளிநாட்டுத் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பணம் வராதவர்கள் அங்கே வருகிறார்கள். சம்பளம் பாதிதான். அந்தப் பத்து சதவீதத்தின்மேல் எண்பத்தொரு பேரின் கையெழுத்தோடு ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணைக்குத் தேதி இன்னும் போடவில்லை. மாதம் ஒருமுறை நேரில் போய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்டுவிட்டு வருகிறார். போன வாரமும் போயிருந்தார். "அதிகாரி லீவு" என்றார்களாம். "அவர் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டாராம்.