அத்தான் போட்ட மூடி

லண்டன் பக்கம் செவன் கிங்ஸில் எங்கள் பின்வளவில் சசெக்ஸ் என்ற பழைய ஆங்கிலச் சாதிக் கோழிகள் வளர்க்கிறேன். கலப்பில்லாத குஞ்சு எடுக்க என்னிடம் இருப்பது ஒரேயொரு சேவல்.

போன கோடையில் அக்காவின் புருஷன் வந்து தங்கினார். அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை.

"ஊரிலை நூறு கோழி நிண்ட வளவு எங்கடை. நீ பயப்பிடாமல் வேலைக்குப் போ" என்றார். அந்தக் கோழிகளுக்குத் தீன் போட்டது அவருடைய தாய் என்பது எனக்குத் தெரியாதா? இருந்தும் நம்பிப் போனேன்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தால், வளவில் சேவலைக் காணவில்லை. அத்தான் சோபாவில் சரிந்து கசெட்டில் படம் பார்க்கிறார்.

"சேவல் எங்கை அத்தான்?"

"கூவுது எண்டு பக்கத்து வீட்டு மனிசி கத்தினவ. கரப்பாலை மூடிவிட்டனான். இருட்டெண்டால் கூவாது."

ஊரில் கோழி மூடும் கரப்பு, காற்றுப் போகிற கூடை. இந்த மேதை மூடியிருந்தது உடுப்புத் தோய்க்கும் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து. நல்ல வெயிலில், மேலே செங்கல்லும் வைத்து!

தூக்கினேன். சேவல் சொண்டைத் திறந்தபடி சரிந்து கிடந்தது. நிழலில் வைத்துத் துளித்துளியாகத் தண்ணீர் பருக்கினேன். பொழுதுபடத்தான் எழும்பி நின்றது.

அத்தான் எட்டிப் பார்த்தார். "இங்கிலீசுக் கோழி, தாங்காது. ஊர்ச் சேவலெண்டால் ஒண்டும் நடந்திராது."

இப்போது அயலவர்கள் எழும்பும்வரை சேவலைக் காற்றோட்டமான இருட்டுக் கொட்டிலில் அடைத்து, பிறகு வளவில் விடுகிறேன். அத்தான் வந்து நிற்கும் நாட்களில் பின்கதவைப் பூட்டி, திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறேன். சேவல் வளவில் கூவட்டும். அத்தான் சோபாவில் இருந்து கூவட்டும்.